சண்முகநதியில் வலை வீசியவர்

1950களின் கடைசியில் ஓர் ஐப்பசித் திங்கட்கிழமை. மலையில் பெய்த மழையால் வந்த வெள்ளம் வடிந்து, சண்முகநதி இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. கரையோரத் தண்ணீரில் நின்று ஒருவர் வீச்சுவலை வீசிக்கொண்டிருந்தார். ஒட்டிய கன்னம், ஊறி வெளுத்த விரல்கள். வலையின் ஈயக்குண்டு ஒன்றைப் பல்லில் கடித்தபடி வீசுவார். அதனால் எதைக் கேட்டாலும், வலை தண்ணீரில் விழுந்த பிறகுதான் பதில் வரும்.

வலையில் கெண்டைகள் துள்ளின. அவர் அவற்றை ஆற்றிலேயே உதறினார்.

குளித்துக்கொண்டிருந்த பழனிக் கடைக்காரர் சிரித்தார். "என்ன மாமா, கெண்டை கசக்குதா? எங்கிட்டக் குடுத்தா கொழம்புக்காச்சும் ஆகும்ல!"

வலை விழுந்தது. "மீனுக்கு வீசலைங்க. புல்லுக்கட்டோட ஆத்தைத் தாண்டுன எம் பொண்டாட்டிய வெள்ளம் கொண்டுபோயிருச்சு."

கடைக்காரர் தலையைக்கூடத் துவட்டாமல் கரையேறிப் போய்விட்டார். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, "கெடைச்சிருவாங்க" என்றேன்.

"கெடைக்கக் கூடாதுங்க. ஒவ்வொரு மடுவா வீசிப் பாத்து இல்லேன்னாத்தான், எங்கிட்டாவது கரையேறிருப்பான்னு நம்பலாம்."

அடுத்த வீச்சில், மணிக்கட்டில் கட்டியிருந்த கயிறு விறைத்தது. அவர் இழுக்கவில்லை. கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மெல்ல இழுத்தேன். வந்தது மருதமரத்து வேர்க்கட்டை.

"கட்டைதாங்க" என்றேன்.

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் கொடுத்தது எதுவுமில்லை. அந்தக் கும்பிட்டை எப்படி வாங்கிக்கொள்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.