புல்லுக்கு வந்ததும் நின்ற எஞ்சின்

லீமாரோஸ் தன் மாப்பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே அவன் வள்ளத்தின் சத்தத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தாள். தங்கச்சிமடத்தில் அவர்கள் தெருவில் முதலில் எஞ்சின் வைத்தவன் கில்பர்ட்தான். அது டுபுடுபுவென்று கிளம்பினால் தெருவே பாதி பொறாமையும் பாதி சிரிப்புமாகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

நிச்சயதார்த்தத்தன்று அவளுடைய அய்யா அருளானந்தம் அவன் வாயைக் கிண்டினார்.

"ஏன் மாப்பிள்ளை, நல்லா ஓடுற எஞ்சினை பாதி வழியில அமத்திட்டு கம்பு ஊன்டி வாரீகளாமே? எண்ணெய் மிச்சம் பிடிக்கவா?"

கில்பர்ட் நெளிந்தான். "இல்ல மாமா. அங்கன கடல்புல்லு மேய ஆவுளியா குட்டியோட வரும். பாய் விரிச்சு ஓட்டுன காலத்துல அது மேல வந்து மூச்சு விடுறது காதுல விழும், விலகிப் போவோம். இந்த எஞ்சின் போடுற கூப்பாட்டுல ஒண்ணும் கேக்கல. அடியில விசிறி வேற சுத்துது. அதான் புல்லுக்கு வந்தா நிப்பாட்டிருவேன்."

ஆவுளியா என்கிற கடல்பசுவின் கறிக்கு நாக்கைச் சப்புக்கொட்டும் ஆட்கள்தான் கூடியிருந்தார்கள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற லீமாரோஸுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவனை அப்போதே அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஐம்பத்தெட்டு மாசியில் கல்யாணம். மறுநாள் தவக்காலம் தொடங்குகிறது; அன்று தவறினால் ஈஸ்டர் கழித்துத்தான் தாலி. ஆனால் பூசை நேரத்துக்கு மாப்பிள்ளையைக் காணோம்! தாயில்லாத அவனை வளர்த்த அத்தை யாகப்பம்மாளுக்குப் பாம்பன் பாலத்தின் மேல் ரயிலில் வரப் பயம். மண்டபத்திலிருந்து அவளை வள்ளத்தில் அழைத்துவரப் போயிருந்தான். எஞ்சினைத் தம்பி பெஞ்சமின் கையில் கொடுத்தனுப்ப மனசு வரவில்லை. கூட மட்டும் கூட்டிப்போனான்.

ஒருவழியாகக் கடலில் எஞ்சின் சத்தம் கேட்டது. வெடி வைக்க ஓடினார்கள். அதற்குள் சத்தம் நின்றுவிட்டது. பாம்பனில் இன்னொரு கல்யாணத்துக்குப் போகவேண்டிய சாமியார் கிளம்பிவிட்டார்.

லீமாரோஸ் முக்காட்டை விலக்கினாள். "சாமி, எஞ்சின் பழுதாகல. புல்லுக்கு வந்துட்டாக. கம்பு ஊன்டி வாராக. கொஞ்சம் பொறுங்க சாமி."

மணப்பெண் வாய் திறந்துவிட்டாளே என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சாமியார் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து உட்கார்ந்தார். பட்டு வேட்டி முழங்கால்வரை நனைய கில்பர்ட் ஓடிவந்தான். "இன்னிக்கு ஒரு நாளாச்சும் ஓட்டுண்ணேன்னு கத்துனேன், கேட்டாத்தானே!" என்று பின்னால் வந்த பெஞ்சமின் புலம்பினான்.

அதன்பின் லீமாரோஸின் அடுப்புக்கு அந்த எஞ்சின்தான் கடிகாரம். சத்தம் நின்றால் உலையில் அரிசி போடுவாள். கம்பு ஊன்றி அவன் கரை சேர்வதற்குள் சோறு வெந்திருக்கும். எவ்வளவு சந்தோஷமான நாட்கள் அவை! சூடு ஆறாமல் தின்றுவிட்டு, அன்று எத்தனை மூச்சு கேட்டான் என்று சொல்லுவான்.

அறுபத்தாறில் காய்ச்சல் கில்பர்ட்டைக் கொண்டுபோயிற்று. வள்ளம் பெஞ்சமின் கைக்கு வந்தது. அவன் புல்லின் மேல் ஒரே ஓட்டமாக ஓட்டிவந்தான். ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தம் நிற்காமல் கரைவரை வரும்போது லீமாரோஸுக்குக் கில்பர்ட் மறுபடியும் செத்ததுபோல் இருக்கும். ஆனாலும் கொழுந்தனிடம் அவள் வாய் திறக்கவில்லை. தானாக வரவேண்டிய இரக்கத்தை எப்படிக் கேட்டு வாங்குவது?

ஒரு மத்தியானம் சத்தம் பாதியில் நின்றது. பழுதாகிவிட்டதோ என்று கரைக்கு ஓடினாள். தூரத்தில் பெஞ்சமின் கம்பைப் பிடித்தபடி, தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு மெல்ல ஊன்றத் தொடங்கினான்.

அவள் வீட்டுக்கு ஓடிவந்து கொதிக்கிற உலையில் அரிசியை அள்ளிப் போட்டாள்.

சாப்பிட உட்கார்ந்த பெஞ்சமின் பானையை எட்டிப் பார்த்தான். "என்ன மதினி, இம்புட்டுச் சோறு?"

"உங்கண்ணனுக்கும் சேத்துப் போட்டுட்டேன்யா" என்று சொல்லி லீமாரோஸ் அழுதாள்.