இரவல் வார்த்தை

பிரியமானவர்களே, இது அழகான சாட்சி அல்ல. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

வெள்ளறடைப் பக்கம் ஒரு பாப்டிஸ்ட் சபையில் நான் டீக்கன். நீண்ட ஜெபத்துக்குப் பேர் போனவன். போன வருஷம் ஓணம் கழிந்த திங்கட்கிழமை பக்கவாதம் வந்து விழுந்தேன். வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை, அதுவும் கெட்ட வார்த்தை. தண்ணீர் கேட்டாலும் அதுதான் வந்தது. "இயேசுவே" என்று வாயைத் திறந்தாலும் அதுதான் வந்தது.

ஜெபிக்க வந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். உள்ளே கிடந்ததுதான் வெளியே வருகிறது என்று முற்றத்தில் நின்று பேசினார்கள். ஒரு ஞாயிறு மனைவி ஸ்டெல்லா என்னை ஆட்டோவில் சபைக்குக் கொண்டுபோனாள். "ஆமென்" சொல்ல வேண்டிய இடத்தில் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொன்னேன்.

"அண்ணன இனி கூட்டிட்டு வரண்டாம். சின்னப் பிள்ளைய எல்லாம் கேக்குதுல்லா," என்றார் பாஸ்டர்.

அதன்பின் யாரும் வரவில்லை. முதுகில் புண் வைத்தது. 'ஆண்டவரே, உம்மோடு பேச ஒரு வார்த்தை தாரும், இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும்' என்று மனதுக்குள் அழுதேன்.

வந்தவள் ஆர்த்தடாக்ஸ் சபை மரியம்மா. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைக் குளிப்பாட்ட இரண்டு சபையும் சேர்ந்து ஒரு ஊழியம் தொடங்கியிருந்தார்கள். அதை எதிர்த்தவன் நான். "கிளிப்பிள்ளை மாதிரி ஒரே சொல்லத் திருப்பித் திருப்பிச் சொல்லுறவியளுக்க கூட நமக்கு என்ன ஊழியம்?" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டவன்.

அவளைக் கண்டதும் என் வாயில் அந்த வார்த்தைதான் வந்தது.

"இதைவிட மோசமா எனக்க வீட்டுல கேட்டிருக்கேன். நீங்க சொல்லிட்டு கிடங்க, அண்ணா," என்று புண்ணைக் கழுவினாள். ஒவ்வொரு கோப்பை தண்ணீருக்கும் "குறியேலாயிசோன்" என்று ராகமாகச் சொன்னாள். 'கர்த்தாவே, இரங்கும்' என்று அர்த்தம். மூன்று வாரம் அப்படியே. ஒரு புதன்கிழமை அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, நான் சொன்னேன்: "குறியேலாயிசோன்."

ஸ்டெல்லா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "இன்னொருக்க சொல்லுங்க," என்று அழுதாள். சொன்னேன்.

மற்ற வார்த்தைகள் ஒவ்வொன்றாக அதன் பின்னால் வந்தன. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறேன். வியாழக்கிழமைகளில் மரியம்மா குளிப்பாட்டும் வீடுகளுக்குச் சோப்பும் துவாலையும் சுமக்கிறேன். மரியம்மாவிடம் இரவல் வாங்கிய அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டுச் சாட்சி சொல்லச் சொல்கிறது என் சபை. எனக்கு மனமில்லை.

கர்த்தர் எந்த வாசல் வழியாக அனுப்பினாலும் நம்பி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் விசுவாசம் பொங்கவில்லை. மரியம்மா உள்ளே வந்த அன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் பார்த்தேன். முதுகுப் புண்ணுக்காக வாசலைப் பார்க்க ஒருச்சாய்த்துப் போட்டிருந்ததால் திரும்ப முடியவில்லை. அதுவும் கிருபைதான்.