போடாத அப்ளிகேஷனுக்குச் செபம்

ஆன்சிக்கு இரண்டாம் இடம் என்றால் ஆகாது. பாலக்கரையில் மறைக்கல்வி வகுப்புக்குப் போன நாளிலிருந்தே அப்படித்தான். விவிலிய வினாடி வினாவில் சிஸ்டர் கேள்வியை முடிப்பதற்குள் இவள் கை மேலே போயிருக்கும். பதில் தெரியுமா இல்லையா என்பது கையைத் தூக்கிய பிறகு யோசிக்க வேண்டிய சமாச்சாரம். பெரும்பாலும் தெரிந்திருந்தது என்பதுதான் வினையாகப் போயிற்று. கெட்டிக்காரப் பிள்ளை என்று ஊரே சொன்னது, அவளும் நம்பிவிட்டாள்.

அப்பா ஸ்டீபன்ராஜ் திருவெறும்பூரில் ஒரு பட்டறையில் வெல்டர். அம்மா செல்வமேரி தில்லைநகரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களின் பெயரைப் பதிகிற வேலை பார்க்கிறாள். வருகிற நோயாளி ஒவ்வொருவரிடமும் பெயர், வயது, ஊர் கேட்டுவிட்டு, கொஞ்சம் ஓய்ந்த நேரமாக இருந்தால் தன் மகள் பெருமையையும் ஒரு வார்த்தை சொல்லித்தான் உள்ளே அனுப்புவாள்.

அப்பேர்ப்பட்ட மகளுக்குப் பிளஸ் டூவில் கொஞ்சம் மார்க் சறுக்கிவிட்டது. கேட்ட கல்லூரி எதுவும் கிடைக்கவில்லை. திண்டுக்கல் ரோட்டில் ஒரு சின்ன மகளிர் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தாள். அந்தக் கல்லூரியின் பெயர் போட்ட அடையாள அட்டையைப் பஸ்ஸில் ஏறியதும் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வாள். யாராவது கேட்டால், "இது சும்மா ஒரு வருஷத்துக்குத்தான்" என்பாள்.

அப்படிச் சொன்னதில் பொய் இல்லை. டெல்லிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது. உள்ளே நுழைவது குதிரைக்கொம்பு. ஆனால் வேறு கல்லூரியில் முதல் வருடம் முடித்தவர்களில் மிகச் சிலரை மட்டும் மாற்றல் மாணவர்களாக நேரே இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். படிப்புச் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இதைக் கண்டுபிடித்ததிலிருந்து ஆன்சியின் உடம்பு மட்டும்தான் திருச்சியில் இருந்தது. அந்த வளாகத்தைப் பற்றிய வீடியோ ஒன்று விடாமல் பார்த்தாள். நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், விடுதியில் எந்தக் கிழமை என்ன சாப்பாடு, எல்லாம் அத்துப்படி. 'ஏன் உங்கள் இப்போதைய கல்லூரியை விட்டு வர விரும்புகிறீர்கள்?' என்ற கேள்விக்குப் பதிலாக, தன் அறிவுக்கு இந்தக் கல்லூரி போதவில்லை என்பதை ஆங்கிலத்தில் எழுதி, அடித்து, திருத்தி எழுதினாள். பரீட்சை நெருங்கியபோதும் அதைத்தான் திருத்திக்கொண்டிருந்தாள். துணைப்பாடமான ஸ்டாட்டிஸ்டிக்ஸை முந்தின நாள் பார்த்துக்கொண்டால் போதும் என்று விட்டுவிட்டாள்.

ஸ்டாட்டிஸ்டிக்ஸில் ஃபெயில். அறிவுக்குப் போதாத அதே கல்லூரியில், வகுப்பில் கடைசி பெஞ்சுப் பெண்கள்கூடப் பாஸ் பண்ணிய பேப்பரில், ஆன்சிக்கு அரியர். ரிசல்ட்டைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கூச்சம். பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். வீட்டில், "நல்லா வந்திருக்கும்மா" என்று சொல்லிவிட்டாள்.

விண்ணப்பம் போடவென்று அவள் ஸ்ரீரங்கம் போனது உண்மை. கூடப் படிக்கிற இளவேனிலின் வீடு அம்மா மண்டபம் ரோட்டில் இருக்கிறது, அங்கே லேப்டாப் உண்டு. எல்லாக் கட்டங்களையும் நிரப்பிக்கொண்டே வந்தவள் ஒரு கேள்வியில் நின்றாள். அரியர் எதுவும் உண்டா? உண்டு என்றால் விண்ணப்பிக்கத் தகுதி இல்லை என்று கீழேயே போட்டிருந்தது.

"இல்லன்னு போட்டுட்டுப் போடி. அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் இளவேனில்.

"மாட்டிக்கிட்டா அசிங்கம்டி" என்று ஆன்சி லேப்டாப்பை மூடினாள்.

பல்கலைக்கழகத்திடம் பொய் சொல்லப் பயந்தவளுக்கு, பஸ் பிடித்துக் காவிரிப் பாலத்தைத் தாண்டி வீடு வந்து சேர்ந்ததும் அம்மாவிடம் சொல்லப் பயமே வரவில்லை. செல்வமேரி வாசலிலேயே நின்று, "போட்டாச்சா?" என்று கேட்டாள். "போட்டாச்சும்மா" என்றாள் ஆன்சி. அம்மா அவள் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுத்தாள்.

அதோடு முடிந்திருந்தால் வீட்டுக்குள் இருக்கிற பொய்யாகப் போயிருக்கும். சனிக்கிழமை அன்பியம் வந்தது. அவர்கள் குடியிருந்த சந்தில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்களெல்லாம் வாரம் ஒரு வீட்டில் கூடி, செபமாலை சொல்லி, ஆளாளுக்குத் தங்கள் குறையைச் சொல்லி மன்றாடுவார்கள். ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து, 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்பார்கள். பிறகு சுண்டலோ முறுக்கோ, ஒரு டீ. செல்வமேரி அந்தச் சனிக்கிழமையே எழுந்து, தன் மகள் பெரிய இடத்துக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கிறாள், கிடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சந்து மொத்தமும் வாயைத் திறந்து, 'கேட்டருளும்' என்றது. ஆன்சியும் சொன்னாள், சொல்லாவிட்டால் தெரிந்துவிடும் என்பதற்காக.

அதிலிருந்து வாராவாரம் இதே கதை. ஓய்வுபெற்ற ஆசிரியை அற்புதம்மாள்தான் அன்பியத்தை நடத்துகிறவர், எல்லாருக்கும் அற்புதம் டீச்சர். சர்க்கரை வியாதி இருந்தும் அவர் ஆன்சிக்காக வெள்ளிக்கிழமைகளில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கத் தொடங்கினார். சந்தில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம், "ரிசல்ட் எப்பம்மா?" என்றார்கள். தொல்லை தாங்காமல் மாதக் கடைசிப் புதன்கிழமை என்று ஒரு நாளைச் சொல்லிவைத்தாள்.

அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. புதன்கிழமை வந்ததும், "கிடைக்கலம்மா" என்று சொல்லிவிடுவது. ஆயிரக்கணக்கானவர்கள் போடுகிற இடம், கிடைக்காததில் அதிசயம் இல்லை. அம்மா ஒரு நாள் அழுவாள். ஆண்டவருக்குச் சித்தமில்லை என்று டீச்சர் சொல்லுவார். பழியை ஆண்டவர் தலையில் போட்டுவிட்டுத் தான் நழுவிவிடலாம் என்று நினைக்கும்போது அவளுக்கே முகம் கூசியது. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை.

அந்தப் புதனுக்கு முந்தின சனிக்கிழமை அன்பியம் ஆன்சி வீட்டிலேயே வந்தது. ஹாலில் பாய் விரித்து, மாதா சொரூபத்துக்கு மல்லிகைச் சரம் போட்டிருந்தார்கள். அப்பா சீக்கிரமே வேலை முடிந்து வந்து கதவோரம் நின்றார். ஆன்சி சமையலறையில் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இரண்டு வீடு தள்ளி இருக்கும் லிசி உள்ளே வந்தாள். லிசியின் கணவர் தைரியராஜ் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்கு ஏதோ டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள் என்பது ஆன்சிக்குத் தெரியும். 'வீட்டுக்காரரோட டெஸ்ட் நல்லபடியா வரணும்' என்றுதான் லிசி வாராவாரம் மன்றாடுவாள்.

"ஆன்சி, இன்னிக்கு நான் எங்களுக்குன்னு எதுவும் கேக்கப் போறதில்ல. உனக்காக மட்டும் செபிக்கலாம்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள் லிசி.

"எதுக்கு அத்தை? மாமாவோட டெஸ்ட்டு..."

"அது வியாழக்கிழமை வருது. உனக்குப் புதன்கிழமைதானே? நான் மாதாகிட்ட ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன்." லிசி குரலைத் தாழ்த்தினாள். "இந்தப் புள்ளைக்கு நீ சீட் குடுத்துட்டேன்னா, அவருக்கும் நல்ல பதில்தான் வரும்னு நான் எடுத்துக்குவேன். குடுக்கலன்னா என்ன வரும்னும் தெரிஞ்சுக்குவேன். எதுக்கும் மனசத் தயார் பண்ணிக்கணும்ல? ஆனா உனக்குக் கண்டிப்பாக் கிடைக்கும். படிக்கிற புள்ள நீ."

ஆன்சியின் கை தேங்காய் மூடியோடு நின்றுபோனது. லிசி அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

கிடைக்கவில்லை என்று சொன்னால் இந்த மனுஷி புதன்கிழமையே கணவருக்கு நாள் குறித்துவிடுவாள். கிடைத்துவிட்டது என்று சொல்லலாமா என்றுகூட ஆன்சி ஒரு கணம் யோசித்தாள். அவ்வளவு தூரம் புத்தி போனதை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எந்தப் பொய்யைச் சொன்னாலும் அது இன்னொருத்தி வீட்டு வாசலில் போய் விழுகிறது. ஹாலில் செபமாலை தொடங்கிவிட்டது. அவள் போய் அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வாய் அருள்நிறைந்த மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது, காதில் ஒன்றும் விழவில்லை.

செபமாலை முடிந்ததும் அற்புதம் டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இந்த வாரம் எல்லாரும் நம்ம ஆன்சிக்காக. செல்வமேரி, நீயே ஆரம்பி" என்றார்.

செல்வமேரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கைகூப்பினாள். "இரக்கமுள்ள ஆண்டவரே, எங்க மக போட்டிருக்கிற விண்ணப்பத்த..."

"அம்மா, வேண்டாம்மா" என்றாள் ஆன்சி. "நான் போடவே இல்ல."

எல்லாரும் திரும்பினார்கள். அம்மா மட்டும் கூப்பிய கையோடு மாதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல அரியர். அரியர் இருந்தா போட முடியாது. ஸ்ரீரங்கம் போயிட்டுப் பாதியிலயே மூடி வச்சுட்டு வந்துட்டேன். போட்டாச்சுன்னு பொய் சொன்னேன். ரிசல்ட் தேதியும் நானாத்தான் சொன்னேன்." சொல்லச் சொல்ல அவளுக்குத் தன் குரல் யாரோ சொல்வது மாதிரிக் கேட்டது. பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள், நிமிர முடியவில்லை.

மூலையில் யாரோ, "டீச்சர் ஒருசந்தி எல்லாம் இருந்தாங்களே" என்றது கேட்டது. டீச்சர் கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

செல்வமேரி மெதுவாக எழுந்து நின்றாள். மகளை அடிக்கப் போகிறாள் என்றுதான் பலரும் நினைத்தார்கள், ஆன்சியும் நினைத்தாள், அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தாள். செல்வமேரி எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டாள்.

"மன்னிச்சிருங்க. நான்தான் கேக்காம கொள்ளாம எல்லார்கிட்டயும் பெருமையடிச்சேன். அவ மேல தப்பில்ல" என்றாள்.

கதவோரம் நின்ற ஸ்டீபன்ராஜ் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். ஆன்சிக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. தன் பொய்க்கு அம்மா ஊரின் முன்னால் கும்பிட்டு நிற்பதைப் பார்ப்பதைவிட அந்த அரியரை மாலையாகப் போட்டுக்கொண்டு பாலக்கரை முழுக்க நடந்திருக்கலாம்.

லிசிதான் கணவரை ஒரு முறை பார்த்துவிட்டுப் பேசினாள். "அப்ப உன் சீட்டுக்கும் இவருக்கும் சம்பந்தம் ஒண்ணுமில்ல."

"இல்ல அத்தை. சத்தியமா இல்ல."

லிசி பெரிய மூச்சாக விட்டாள். அது கோபமா நிம்மதியா என்று ஆன்சிக்குப் பிடிபடவில்லை. "சரி. நீ வாய விட்டுச் சொன்னதே பெருசு. இத்தன வாரம் உனக்காக நாங்க கேட்டோம். இன்னிக்கு இவருக்காக நீ கேளு" என்றாள்.

டீச்சர் தலையசைத்தார். எல்லாரும் மறுபடி கைகூப்பினார்கள். ஆன்சி மண்டியிட்டாள். மன்றாட்டு சொல்வது அவளுக்குத் தண்ணீர்ப்பட்ட பாடு, கோவிலில் எத்தனையோ முறை மைக் முன்னால் சொல்லியிருக்கிறாள்.

"இரக்கமுள்ள ஆண்டவரே, தைரியராஜ் மாமாவுக்கு வந்திருக்கிற..." என்று தொடங்கி நின்றாள். மேலே என்ன சொல்வது என்று தெரியவில்லை. வாராவாரம் அவர் பெயரைச் சொன்னார்கள், வாராவாரம் இவளும் 'கேட்டருளும்' என்றாள். அந்த நேரமெல்லாம் அடுத்து தன் பெயர் வருமே என்ற பயத்தில் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு என்ன உடம்புக்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

சந்து முழுக்கக் காத்திருந்தது. வேறு வழியில்லாமல் அவள் திரும்பி, "அத்தை, மாமாவுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள்.

லிசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த தைரியராஜ்தான் கழுத்தில் சுற்றியிருந்த துண்டை விலக்கி, தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அன்பியத்தில் எந்தப் பாட்டானாலும் முதல் அடியை எடுத்துக் கொடுப்பது அவர்தான். அந்தக் குரல் எத்தனை வாரமாகக் கேட்கவில்லை என்பதும் ஆன்சிக்குத் தெரியவில்லை.