தொண்ணூத்தி ஒண்ணுல போட்ட வின்னிங் பாஸ்கெட்

ஸ்ரீபெரும்புதூரில் பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். அழுது ஓய்ந்து அப்போதுதான் மடியில் தூங்கினாள். காய்ச்சல் வருமோ என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி இருந்தேன்.

முன் சீட்டில் ஐம்பது தாண்டிய இரண்டு பேர். 1991இல் தங்கள் காலேஜின் முதல் பாஸ்கெட்பால் டீமில் ஆடியவர்களாம். அந்தச் சின்னக் காலேஜ் இப்போது யுனிவர்சிட்டி. இன்று அங்கே பாராட்டு விழா. டீமின் கதையை, இருவரில் கண்ணாடி போட்டிருந்த சேகர்தான் மேடையில் சொல்ல வேண்டும்.

"சேகரு, அந்த செகண்ட் ஹாஃப் மேட்டர மட்டும் எடுத்துடாதடா. பொண்டாட்டி, மருமவ எல்லாம் வருது."

"மறைக்க இன்னா கீது? நம்ம கிரவுண்டுல ஒரே ரிங்கு. அதுலயே போட்டுப் பழகினோம். பாதி மேட்ச்ல சைடு மாத்துவாங்கன்னு யாரு கண்டா? நீ பழைய ரிங்லயே போட்டுட்ட."

"வின்னிங் பாஸ்கெட் போட்டது நான்தான்னு வூட்ல சொல்லிக்கினு கீறேன்டா."

"அதுல பொய்யே இல்ல. போட்டது நீதான். ஜெயிச்சது யாருன்னு மட்டும் சொல்லாத."

அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. நான் குலுங்கிச் சிரித்ததில் பாப்பா எழுந்து அலறினாள்.

பாஸ்கெட் போட்டவர் திரும்பினார். "எல்லாத்தையும் கேட்டுட்டியாம்மா? விழாவுக்கா வர?"

"இல்ல சார், ஒரகடத்துல இறங்கிடுவேன்."

அதன் பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

இப்போது ராத்திரி. பாப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை, தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. விழாவுக்குப் போனவர்கள் யாராவது, சேகர் மேடையில் என்ன சொன்னார் என்று கமெண்டில் சொல்லுங்கள்.

படிப்பது அந்த பாஸ்கெட் போட்டவரின் மருமகளாக இருந்தால், நான் எதுவும் சொல்லவில்லை.