எண்ணெய் தேய்த்த தலையும் ஆக்ஸிஜன் குழாயும்

என் வயிற்றைப் பார்த்து முதலில் கேட்டது யார் என்று இப்போது ஓர்மை இல்லை. கடைசியாகக் கேட்டது யார் என்று நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிதறால் மலைக்குப் போயிருந்தோம். நான் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். பாதி வழியில் மூச்சு வாங்க ஒரு பாறையில் உட்கார்ந்தேன். நெல்லிக்காய் விற்றுக்கொண்டிருந்த பெண் பக்கத்தில் வந்து, "மாசமா இருக்கப்பட்டவ இந்த வெயில்ல மலை ஏறலாமா மக்ளே?" என்றாள். என் இளைய மகனுக்கு அப்போது பதினோரு வயது. பின்னால் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. சவம், அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு சிசேரியனுக்குப் பிறகு அடிவயிற்றுத் தோல் மடிந்து தொங்கியது. அதற்கு முன்பே நடந்து பார்த்தேன். மரச்சீனிக் கிழங்கை விட்டேன், சோற்றைக் குறைத்தேன். முகம்தான் வற்றியது, வயிறு அப்படியே கிடந்தது. தொங்குகிற தோலை ஆபரேஷனில் எடுக்கப் போவதாகக் குவைத்தில் வேலை பார்த்த கணவரிடம் போனில் சொன்னேன். "ஒனக்கு வேணும்னா செய்யி. எனக்காக ஒண்ணும் செய்யாண்டாம்" என்றார். மனுஷன் நல்லவர்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாமியாரிடம்தான் சொல்லவில்லை. மாமியும் நானும் பிள்ளைகளும் ஒரே வீடு. மாமிக்கு வாய் கொஞ்சம் நீளம், கேட்டியளா. வாசலுக்கு வருகிற மீன்காரியிடம் அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மத்தியானத்துக்குள் மார்த்தாண்டம் சந்தை முழுக்கத் தெரிந்துவிடும். "எனக்க மருமவ அழகு கூட்ட ஆசுபத்திரிக்குப் போனா" என்று அவள் சிரிப்பது என் காதில் கேட்டது. அதனால் குடலிறக்கம், ஆபரேஷன் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். முழுப் பொய்யும் இல்லை. வயிற்றுத் தசை நடுவில் பிரிந்து கிடந்தது, அதையும் சேர்த்துத் தைப்பதாகத்தான் டாக்டர் சொல்லியிருந்தார்.

இரண்டாயிரத்துப் பதினொன்றோ பன்னிரண்டோ, மே மாத லீவில் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் நடந்தது. முதலில் என் தங்கச்சி கூட நின்றாள். ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரைக்கும் தையல். நிமிர்ந்தால் இழுக்கும் என்று கூனிக்கொண்டே நடந்தேன். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்த நர்ஸ் உடனே போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தையலுக்கு மேலே நடுவில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். அந்த இடத்துக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை. அப்படியே விட்டால் தோல் செத்துப்போகும், வெட்டி எடுக்க வேண்டும், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியும் வரலாம். ஆக்ஸிஜன் சிகிச்சை கொடுத்துப் பார்க்கலாம். ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து, அழுத்தத்தைக் கூட்டி, சுத்தமான ஆக்ஸிஜனைச் சுவாசிக்க விடுவார்கள். அது ரத்தத்தில் கூடுதலாகக் கரைந்து சாகக் கிடக்கிற தோலுக்கும் போய்ச் சேரும். "எல்லாம் பிழைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இந்த முதல் நாளுங்க முக்கியம். ஒரு தடவ கூட விடக்கூடாது" என்றார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்.

தொங்கினாலும் அது உயிருள்ள தோலாக இருந்தது. சும்மா கிடந்ததை வெட்டிக் கெடுத்துவிட்டேனே என்று தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

குழாய் முழுக்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆள் நீளத்துக்கு. அவர்கள் தருகிற பருத்தி அங்கியைத் தவிர உடம்பில் ஒன்றும் இருக்கக்கூடாது. மோதிரம், கொண்டை ஊசி, போன் எல்லாம் வெளியே. மூடிய கொஞ்ச நேரத்தில், ஆற்றுக் கயத்தில் ஆழமாக முங்கினது போலக் காது அடைத்து வலிக்கும். எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம். முதல் நாள் ஏசப்பா ஏசப்பா என்று சொல்லியே நேரத்தைக் கழித்தேன்.

மறுநாள் தங்கச்சி வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மாமி வந்தாள். ஹார்லிக்ஸ், ஆரஞ்சு, மாற்றுச் சேலை, துண்டு என்று ஒரு பை நிறைய. என்னைப் பார்த்ததும், "என்ன ஏட்டி இது, தலை காஞ்சு தேங்கா நாரு கணக்கா கெடக்கு!" என்றாள். குழாய் எதற்கு என்று கேட்டதற்கு, புண் ஆற என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் வலி மாத்திரை மயக்கத்தில் கிடந்தேன். தலைமாட்டில் உட்கார்ந்து மாமி என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். செம்பருத்திப் பூவும் மிளகும் போட்டுக் காய்ச்சின எண்ணெய், வீட்டிலிருந்து ஒரு குப்பியில் கொண்டுவந்திருந்தாள். எனக்குத் தெரிந்துதான் நடந்தது. சுகமாக இருந்தது, அப்படியே தூங்கிப்போனேன்.

குழாய் அறையில் இருந்த டெக்னீஷியன் தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டான். "சேச்சி, இன்னைக்கு ஏதாவது தேச்சியளா?"

"ஒண்ணும் தேய்க்கல்ல" என்றேன். பொய் சொல்லவில்லை. க்ரீம் தேய்த்தால் தேய்த்தது, பவுடர் போட்டால் போட்டது. தலையில் எண்ணெய் இருப்பதை எங்கள் ஊரில் யார் ஒரு காரியமாக எண்ணிப் பார்த்தார்கள்? முகம் கழுவினதைப் போய்ச் சொல்வோமா?

அவன் குனிந்து மோந்து பார்த்தான். பிறகு என் தலையில் விரலை வைத்தான். "ஐயோ சேச்சி, இது முழுக்க எண்ணெயல்லோ! உள்ள சுத்த ஆக்ஸிஜன். எண்ணெயில தீப் பிடிச்சா அணைக்க முடியாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். நான் கெஞ்சினேன். அவன் அசையவில்லை.

வெளியே பெஞ்சில் மாமி இருந்தாள். "அதுக்குள்ள முடிஞ்சிட்டா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், எனக்குக் கண்ணும் தெரியவில்லை, மண்ணும் தெரியவில்லை.

"நீங்க தேச்ச எண்ணெயால என்ன உள்ள விடல்ல! யாரு ஒங்களத் தேய்க்கச் சொன்னா? குடலிறக்கமும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. தொங்குன வயித்த வெட்டி எடுத்தேன், போதுமா? அந்தத் தோலு இப்ப சாவுது. அதைக் காப்பாத்தத்தான் இந்தக் குழாயி. போங்க, ஊர் பூரா போய்ச் சொல்லிச் சிரிங்க!"

வராந்தாவில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இப்படிக் கத்திப் பெகளம் வைக்கிற உடம்பு நிலையிலும் நான் இல்லை, தையல் பிடித்து இழுத்தது. மாமி பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஊருக்கே பஸ் ஏறிவிட்டாள் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது கையில் ஷாம்பு பாக்கெட் சரம் ஒன்று. குளியலறையில் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, வயிற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் என் தலையைத் தொட்டிப் பக்கம் சாய்த்துக் கழுவினாள். மோந்து பார்த்தாள். மறுபடி கழுவினாள். பாக்கெட் தீர்கிற வரைக்கும் விடவில்லை. தன் தலையிலிருந்து எண்ணெய் பட்டுவிடும் என்று சேலையால் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

சாயங்காலம் டெக்னீஷியன் மோந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டான். அழுத்தம் ஏறிக் காது சரியானபோது, வெளியே மாமி அவனிடம் ஏதோ கேட்பது தெரிந்தது. உள்ளே இருப்பவர்களோடு பேச அங்கே ஒரு ரிசீவர் உண்டு. அதை எடுத்தாள்.

"ஏட்டி, நான் சிரிப்பேன்னா நெனச்ச?"

ஒன்றரை மணி நேரத்துக்கு நான் எங்கேயும் போக முடியாது. "ஆமா மாமி" என்றேன். அவள் ரிசீவரை வைத்துவிட்டு, முடிகிற வரைக்கும் கண்ணாடி ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு தடவையும் விடவில்லை. கத்தரிக்காய் நிறம் ஓரத்திலிருந்து பைய வெளுத்து வந்தது. நடுவில் இரண்டு விரல் அகலம் மட்டும் கருத்துக் காய்ந்தது. அதற்கு அந்த ஒரு காலைதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். கடைசி நாள் ஓரத்தில் ஊசியால் குத்திப் பார்த்தார். ரத்தம் நல்ல சிவப்பாக வந்தது. "பிழைச்சாச்சு. இந்தச் சின்ன இடம் தானா ஆறிடும், தோல் ஒட்ட வேண்டாம்" என்றார். நான் அழுதேன், சிரித்தேன், டாக்டர் கையைப் பிடித்துக் கும்பிட்டேன்.

அவர் திரையை விலக்கிப் போகப் போனபோது மாமி கேட்டாள். "டாக்டரே, அறுபத்தி மூணு வயசுல இந்த வயித்து ஆபரேஷன் செய்வாங்களா?"

"யாருக்கு அம்மா?"

"எனக்குத்தான். அஞ்சு பெத்தேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. சுகர் உண்டா என்று கேட்டார். ரொம்ப வருஷமாக மாத்திரை சாப்பிடுவதாக மாமி சொன்னாள். சுகர் இருந்தால் புண் ஆறுவது கஷ்டம், இந்த வயதில் வேண்டாம் என்றார்.

"செரி. சும்மா கேட்டேன்" என்றாள் மாமி. அவர் போனதும் சேலைத் தலைப்பை இழுத்து, வயிற்றை மூடி, இடுப்பில் செருகிக்கொண்டாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் செருகுவதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். மாமிக்கு அடக்கம் கூடுதல் என்றுதான் நினைத்திருந்தேன்.