ஆமைத் தண்ணீர்

தம்பியின் முதல் பிறந்தநாள் முடிந்து இரண்டு நாளில், எங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்ஸில் மூன்று வீடுகளுக்கு வயிற்றோட்டம். தம்பி ஆஸ்பத்திரியில் சேலைனோடு கிடந்தான், அம்மா அவனோடு. எல்லோர் வாயிலும் சித்திதான். எங்களோடு இருந்த அவர் கடைகளுக்கு ரோல்ஸும் சாண்ட்விச்சும் செய்து கொடுப்பவர். பிறந்தநாள் சாப்பாடும் அவர் கைதான்.

மறுநாள் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று கட்டம் கட்டமாகக் குறித்துக்கொண்டே போனார். படுத்திருந்த அயலவர்கள் எல்லோரும் சாண்ட்விச் சாப்பிட்டவர்கள். அப்பா சித்தியின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

“பேபியும் சாண்ட்விச் சாப்பிட்டதா?” பரிசோதகரின் தமிழில் சிங்களம் எட்டிப் பார்த்தது.

“இல்லை சேர். அவனுக்குப் பாலும் கஞ்சியும்தான்,” என்றார் சித்தி.

பேனை நின்றது.

“வீட்டில நாய், பூனை, குருவி ஏதும் இருக்கா?”

“ஒண்டும் இல்லை,” என்றார் அப்பா.

ஒன்பது வயது எனக்கு. பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால், ஐஸ்கிரீம் பெட்டிக்குள், வகுப்புத் தோழி தந்த ஆமைக்குஞ்சு இருந்தது. தம்பிக்கு மட்டும் காட்டுவேன். அவன் தொட்டுவிட்டு விரலைச் சூப்புவான். பிறந்தநாள் காலையில் அதன் தண்ணீரைக் குசினி சிங்கில் அவசரமாக ஊற்றினேன். சாண்ட்விச்சுக்கு வைத்த சலாது இலை அங்கேதான் ஒரு சட்டியில் ஊறிக்கொண்டிருந்தது.

சொன்னால் ஆமை போய்விடும். சொல்லாவிட்டால் சித்தியைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று நினைத்தேன். பரிசோதகர் கொப்பியை மூடி எழும்பினார்.

“சேர்...”

ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தேன். அப்பா கையை ஓங்கினார். சித்தி குறுக்கே வந்துவிட்டார்.

“அத்தான், விடுங்கோ! சின்னப்பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்?”

பரிசோதகர் கையுறை போட்டுப் பெட்டியை எடுத்தார். “நல்ல வேலை செய்தது மகள். இப்ப போய் சோப் போட்டுக் கை கழுவுங்க.”

கிருமி ஆமையிலிருந்துதான் வந்தது என்று பிறகு தெரிந்தது. தம்பி தேறி வீட்டுக்கு வந்தான். பக்கத்து வீட்டு அன்ரி சித்தியிடம் மன்னிப்புக்கூடக் கேட்டார். சித்தியிடம் ரோல்ஸ் வாங்கிய கடைக்காரர்கள் மட்டும் திரும்பக் கூப்பிடவில்லை.

அடுத்த மாதம் சித்தி தெஹிவளையில் ஒரு புடவைக்கடைக்கு பில் போடப் போனார். காலையில் பஸ்ஸுக்கு ஓடுவார்; வீங்கிய காலோடு திரும்பி வந்து படுத்துக்கொள்வார். எங்கள் சித்திக்கு ஏசி போட்ட கடையில் வேலை கிடைத்திருக்கிறது என்று நான் வகுப்பு முழுவதும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.