ஜப்பான்காரனுக்கு ஊர் காட்டினேன்

டைம் ஆபீஸ் கிளார்க் வேலைன்னா எவன் எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான்னு எழுதுறது. வந்தவனைக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்துறது அதுல சேராது. ஆனா மேல இருக்கிறவர் வாயைத் திறந்துட்டா எல்லாமே சேரும். உங்களையும் எவராவது "கொஞ்சம் இவரைப் பாத்துக்கப்பா"ன்னு மாட்டிவிட்டிருந்தா, வாங்க, இப்படிப் பக்கத்துல உக்காருங்க. நாம ஒரே ஜாதி.

தொண்ணூறுகளோட ஆரம்பம். அம்பத்தூர் எஸ்டேட்ல காருக்குத் தகடு அடிக்கிற கம்பெனி. ஆறு வருஷமா நான் அங்கே டெம்பரரி. ஆறு மாசப் பயிற்சிக்கு ஜப்பான்லேருந்து கென்ஜின்னு ஒரு காலேஜ் மாணவன் வந்து இறங்கினான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "சாலமன், ஞாயித்துக்கிழமைல இவனுக்கு நம்ம ஊரு, கலாசாரம் எல்லாம் காட்டு. போறப்போ ஒரு ரிப்போர்ட் எழுதுவான். அது நல்லா வந்தா பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரு." இனிமே சர்ச்சுக்கு நீ தனியாத்தான் போகணும்னு சொன்னதும் என் மனைவி எஸ்தர் அப்போ ஞாயித்துக்கிழமை உனக்குச் சோறும் கிடையாதுன்னுட்டா.

வழி விட்டவன்

முதல் ஞாயிறு மகாபலிபுரம்னு முடிவு பண்ணி, சென்ட்ரல் வரைக்கும் ரயில், அப்புறம் பஸ்னு அம்பத்தூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன். வண்டி வந்துச்சு. வழக்கம்போல முழங்கையை முன்னாடி விட்டு ஏறிட்டேன். திரும்பிப் பாத்தா, ஆள் பிளாட்பாரத்துல. எல்லாரும் இறங்கட்டும், எல்லாரும் ஏறட்டும்னு பொறுமையா நிக்கிறான். வண்டி கிளம்பிடுச்சு.

வில்லிவாக்கத்துல குதிச்சு, எதிர் வண்டிக்குக் காத்துக் கிடந்து, அரக்கப் பரக்க வந்தா, நின்ன இடத்துலேயே நிக்கிறான். என்னைப் பாத்துச் சிரிப்பு வேற. அன்னைக்கு மகாபலிபுரம் அவ்வளவுதான். பக்கத்துல கீரைக்கூடை வச்சிருந்த அம்மா என்னைத்தான் முறைச்சாங்க. "இன்னா நைனா, நீ இட்டாந்த ஆளா இது? மூணு வண்டியா அல்லாருக்கும் வழி உட்டுகினே நிக்குது. ஒரு வண்டியில புட்ச்சித் தள்ள வேணாம்?"

ஊர்வலம்

அடுத்த வாரம் ரயிலும் வேணாம் பஸ்ஸும் வேணாம், நான் குடியிருக்கிற மேனாம்பேட்டையே நடந்து காட்டலாம்னு கிளம்பினேன். தெருமுனை திரும்பினா பறைச் சத்தம், பட்டாசு, பூ ஜோடிச்ச வண்டி, முன்னாடி பத்து பேர் ஆட்டம். "திருவிழாவா?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டான். இல்லப்பா, சாவுன்னு நான் வாயெடுக்கிறதுக்குள்ள காமிராவை என் கையில திணிச்சிட்டுக் கூட்டத்துக்குள்ள பூந்துட்டான். ஆடுறான்! நல்லா வேற ஆடித் தொலைக்கிறான்.

 அவனுக்கு நாலு அடி விழுந்தா ரிப்போர்ட்ல முதல் வரி அதுதானே? சட்டையைப் பிடிச்சு இழுத்து வெளியே கொண்டாந்து, வண்டியில படுத்திருக்கிறவரைக் காட்டினேன். மூஞ்சி வெளுத்துப் போச்சு. செத்தவரோட மகன் நேரா எங்களைப் பாத்து வந்தார். கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தோள்ல கை போட்டார். "எங்க நைனா சாவுக்கு ஃபாரின்லேந்து ஆள் வந்துகீது! அண்ணாத்தே, காரியத்துக்கும் இத்த இட்டாந்துடு. மறந்துட்டின்னா, ஊட்டாண்டயே வந்துடுவேன்."

அந்தக் காரியத்துக்குப் போனதுல இன்னொரு ஞாயிறும் போச்சு.

துடைச்ச பொட்டு

நான் சர்ச்சுக்குப் போறவன்தான். ஆனா ஆயுத பூஜைக்கு டைம் ஆபீஸ் கடிகாரத்துக்குப் பொட்டு வெக்கிறது நான்தான். அம்பத்தூர்ல அதை யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. கேக்காம ஒரு காரியம் பண்ணினவன் கென்ஜி. தினம் எல்லாருக்கும் முன்னாடி வந்து மெஷினைத் துடைக்கிறது அவன் பழக்கம். பூஜை லீவு முடிஞ்சு வந்தவன், தகடு அடிக்கிற பெரிய பவர் பிரஸ்ல இருந்த மாலை, சந்தனம், குங்குமம் மொத்தத்தையும் வேஸ்ட் துணியால சுத்தமாத் துடைச்சு எடுத்துட்டான்.

ஆபரேட்டர் ஏகாம்பரம் வந்து பாத்தார். அவருக்கு வலது கையில மூணு விரல்தான். மிச்சத்தை அதே பிரஸ் எடுத்துக்கிச்சு. "பொட்டு இல்லாத மெசின்ல கை வெக்க மாட்டேன்"னு தரையில உக்காந்துட்டார். ஷிஃப்ட் மொத்தமும் உக்காந்துச்சு. மேனேஜர் என்கிட்ட வந்தார். "மத்தியானத்துக்குள்ள ஓடலைன்னா லிஸ்ட்டை மறந்துடு." அடப்பாவி, துடைச்சது அவன், துடைச்சுப் போட்டது என் பேரு!

எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல அதை விளக்க முடியலை. ஏகாம்பரம் கையைப் பிடிச்சு கென்ஜி கண்ணுக்கு முன்னாடி நீட்டினேன். பாத்தான். போய் பிரஸ் முன்னாடி நின்னு இடுப்பு வரைக்கும் குனிஞ்சான். நிமிரவே இல்லை. நான் ஓடிப்போய் மிச்சமிருந்த குங்குமத்தைக் கொண்டாந்தேன். அதைத் தொட்டு அவனே பிரஸ்க்குப் பொட்டு வெச்சான். அப்புறம் ஏகாம்பரத்துக்கும் அதே மாதிரி குனிஞ்சான். அவர் எழுந்து பிரஸ் பக்கம் போனார். போற வழியில என்கிட்ட மெதுவாச் சொன்னார். "என் வெரலு போனப்போகூட எவனும் என்னாண்ட வந்து இப்டி குனியல, சாலமன்."

ரிப்போர்ட்

அதுக்கப்புறம் மகாபலிபுரம் ரெண்டு தடவை காட்டினேன். ரிப்போர்ட்ல அது ஒரு வரிகூட இல்லை. ஒரு ஸ்டேஷன், ஒரு சாவு, ஒரு பிரஸ். இது மூணும்தான் இந்தியாவாம். கடைசியில ஒரு வேண்டுகோள்: ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் பிரஸ் இறங்கணும், அப்பத்தான் விரல் உள்ளே போகாது, பொட்டும் அப்படியே இருக்கட்டும். அவனை அனுப்பி வெச்ச, எங்களுக்கு ஆர்டர் குடுக்கிற ஜப்பான் கம்பெனியும் அதையே கடிதத்துல கேட்டதால, மேனேஜரால தட்ட முடியலை. பட்டன் வந்த அன்னைக்கு ஏகாம்பரம் ரெண்டுக்கும் பொட்டு வெச்சுட்டுத்தான் கை வெச்சார்.

என் பர்மனென்ட் ஆர்டரும் வந்துச்சு. அதை நீட்டினப்போ மேனேஜர் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. "அடுத்த மாசம் நாலு பேர் வர்றாங்க, சாலமன். ஞாயித்துக்கிழமை உனக்கு வேலை ஒண்ணும் இல்லையே?"

ஆறு வருஷம் ஜெபம் பண்ணிக் கேட்டது கிடைச்சுடுச்சு, ஐயா; அதுக்கு நன்றி சொல்ல சர்ச்சுக்குப் போகத்தான் ஒரு ஞாயித்துக்கிழமை கிடைக்கலை.